அறியாது செய்த வினையும் அறிந்து செய்த முறையும்: கன்றுக் கதைகளில் தன்விருப்பச் செயல் என்னும் அறவியல் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

மன்னன் மகனின் தேர்க்காலில் பசுங்கன்று இறந்த கதை பெரியபுராணம், சிலப்பதிகாரம், பழமொழி நானூறு, பாலி மொழியிலான மகாவம்சம் ஆகியவற்றில் இடம்பெறுகிறது. செங்கோன்மைக்குச் சான்றாகவே இக்கதை பெரும்பாலும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆனால் கன்றின் இறப்பு கருதிச் செய்யப்பட்டதன்று. கருதாமல் நேர்ந்த ஒன்றிற்கு ஒருவனை எந்த அளவிற்குப் பொறுப்பாக்கலாம் என்ற வினாவை முன்வைத்து இக்கட்டுரை இக்கதைகளை வாசிக்கிறது. பெரியபுராணத்து அரசன் தண்டித்தது மைந்தனின் குற்றத்தை அன்று என்பதும், அக்கதையில் முழுமையான தன்விருப்பச் செயல் அரசனுடையதே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறவியல், தன்விருப்பச் செயல், கருத்து, கழுவாய், மனுநீதிச் சோழன், எல்லாளன், பெரியபுராணம், மகாவம்சம்.

முன்னுரை

ஒழுக்கம் என்பது ஒரு சமூகம் கடைப்பிடிக்கும் நடைமுறை. அந்நடைமுறை ஏன் சரி, எப்போது சரியன்று என்று வினவும் ஆராய்ச்சி அறவியல். இவ்விரண்டும் மனிதச் செயலைப் பற்றியவை. எனினும் மனிதனிடம் நிகழும் எல்லாமே மனிதச் செயல் ஆகிவிடுவதில்லை. 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அறிவும் விருப்பமும் சேர்ந்து பிறப்பிக்கும் செயலை வேறாகவும், மனிதனிடம் வெறுமனே நிகழும் செயலை வேறாகவும் பிரித்தார். சிந்தனையில் ஆழ்ந்தவன் தன்னை அறியாமல் தாடியைத் தடவிக்கொள்வது இரண்டாம் வகையைச் சாரும். புகழோ பழியோ முதல் வகைக்கே உரியது. தமிழில் இவ்வேறுபாட்டைச் சுட்டத் தனிக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. ‘எண்ணல்’, ‘துணிதல்’ என்னும் இரு சொற்களும் வள்ளுவர் காலம் முதலே அதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. எண்ணித் துணியப்பட்டதே தன்விருப்பச் செயல்.

இந்த அளவுகோலைக் கன்றுக் கதையின் மீது வைத்துப் பார்த்தால் இடர்ப்பாடு உடனே தென்படுகிறது. இளவரசன் எண்ணவும் இல்லை, துணியவும் இல்லை. ஆயினும் அவன் இறக்கிறான். அறத்தின் உச்சமாகத் தமிழ் மரபு போற்றும் ஒரு தீர்ப்பு, அறவியலின் முதல் விதியையே மீறுவது போல் தோன்றுகிறது.

அறியாமை எப்போது விலக்கு ஆகும்?

இச்சிக்கலைப் பழைய சிந்தனையாளர்கள் பலரும் எதிர்கொண்டுள்ளனர். அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில், வன்முறையால் நேர்வதும் அறியாமையால் நேர்வதும் தன்விருப்பச் செயல் ஆகா என்கிறார். அதோடு நில்லாமல் அறியாமையின் வகைகளையும் பிரிக்கிறார். அறியாமல் செய்தவன் பின்னர் வருந்தினால் மட்டுமே அது அவன் விருப்பத்திற்கு மாறானது எனப்படும். வருந்தாதவனின் செயல் விருப்பமற்றது என்ற அளவிலேயே நிற்கும். தன் கவனக்குறைவால் அறியாதவனுக்கு அறியாமை விலக்கு அன்று. குடிபோதையில் தவறிழைத்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கப்படுவதை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

இந்தியச் சமயங்களுள் பௌத்தம் கருத்தையே வினையாகக் கொண்டது. கண்பார்வை இழந்த சக்குபாலர் என்னும் தேரர் நடந்து செல்கையில் பூச்சிகள் மிதிபட்டு இறக்கின்றன. கொல்லும் எண்ணம் இல்லாமையால் அவருக்குக் கொலைக் குற்றம் இல்லை என்று புத்தர் கூறியதாகத் தம்மபத உரையின் முதற்கதை சொல்கிறது. சமணர் இதனை ஏற்கவில்லை. மனிதன் என்று எண்ணிப் பிண்ணாக்கைக் குத்தியவன் கொலைகாரன், பிண்ணாக்கு என்று எண்ணி மனிதனைச் சுட்டவன் குற்றமற்றவன் என்பதுதானே உங்கள் கொள்கை என்று பௌத்தரை எள்ளும் பகுதி ஒன்று சூத்திரகிருதாங்கத்தில் உள்ளது. எள்ளல் கூர்மையானது, முழுவதும் நேர்மையானது என்று சொல்வதற்கில்லை. பின்வந்த உமாஸ்வாதி, தத்துவார்த்த சூத்திரத்தில் சமணக் கொள்கையைச் செம்மைப்படுத்தி, கவனமின்மை கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என வரையறுத்தார். இவ்வரையறைப்படி வினா ‘எண்ணினானா?’ என்பதிலிருந்து ‘கவனமாக இருந்தானா?’ என்பதற்கு நகர்கிறது. தேரோட்டிச் சென்ற இளைஞனிடம் கேட்கப்பட வேண்டிய வினாவும் இதுவே.

பெரியபுராணம்: வினைச்சொல்லில் அடங்கிய வழக்கு

இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவராகக் கருதப்படும் சேக்கிழார், திருவாரூரின் சிறப்பைக் கூறும் பகுதியில் இக்கதையை விரிக்கிறார். கதைப்பொருள் அவருக்கு முன்பே அவ்வூரில் வழங்கியது. விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று இக்கதையைக் கூறி அதனை அமைச்சனின் குடிவழியோடு இணைக்கிறது. சேக்கிழாரின் தனித்தன்மை, அரசவையில் நடக்கும் வாதத்தை முழுமையான வழக்காடலாக அமைத்ததில் உள்ளது. பக்தி இலக்கியமாக மட்டும் படிப்போர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பசு மணியை அடித்ததும் அரசன் காரணம் வினவுகிறான். மூத்த அமைச்சன் விடை கூறுகிறான். படை சூழ இளவரசன் வீதியில் சென்றபோது இளங்கன்று தேர்க்காலின் இடையே புகுந்து இறந்தது என்பதே அவன் கூற்றின் சாரம். இங்கு எழுவாய் கன்று. புகுந்ததும் கன்று, இறந்ததும் கன்று. இளவரசன் வாக்கியத்தில் இருக்கிறான். ஆனால் கொலைக்குரிய வினைச்சொல்லுக்கு எழுவாயாக இல்லை. ‘கொன்றான்’ என்ற செயப்படுபொருள் குன்றா வினைக்கு மாறாக ‘இறந்தது’ என்னும் குன்றிய வினையை அமைச்சன் தேர்ந்தெடுத்திருக்கிறான். இது தற்செயல் அன்று. நிகழ்ச்சியை விவரிக்கும் முறையிலேயே எதிர்வாதத்தின் பாதி முடிந்துவிடுகிறது.

அரசன் மறுமொழியில் இலக்கணம் மாறுகிறது. தன் மகன் செய்த பாதகம் என்று அவன் குறிப்பிடுகிறான். எழுவாய் இப்போது மகன், வினை, செய்தல். அதே நிகழ்ச்சி ஒருவர் வாயில் விபத்தாகவும் மற்றவர் வாயில் செயலாகவும் ஆகிறது. ஒரு நிகழ்வு தன்விருப்பச் செயலா அன்றா என்ற தத்துவ விவாதம், பெரும்பாலும் அதனை எந்த வினைச்சொல்லால் குறிப்பது என்ற விவாதமாகவே நடப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் அரிது.

அமைச்சர் வேதியர் விதித்த கழுவாயைப் பரிந்துரைக்கின்றனர். விபத்து நடந்த இடத்திலேயே மைந்தன் நினைத்ததும் அதுதான். தந்தை அறியுமுன் அதனைச் செய்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அரசன் மூன்று காரணங்களால் மறுக்கிறான். கழுவாய் கன்றை இழந்த பசுவின் நோய்க்கு மருந்தாகாது என்பது முதலாவது. உயிர்களுக்குத் தன்னாலும் தன் பரிவாரத்தாலும் பகைவராலும் கள்வராலும் பிற உயிர்களாலும் வரும் ஐவகை அச்சத்தையும் போக்குவது காவலன் கடமை என்பது அடுத்தது. தன் மகனுக்குக் கழுவாயும் அயலான் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனுக்கு மரணமும் விதித்தால், மனுவின் நூலை மனுவே அழித்தான் என்று உலகம் சொல்லாதா என்பது மூன்றாவது. இம்மூன்றில் எதுவும் இளவரசன் வேண்டுமென்றே கொன்றான் என்று கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. அவன் கவனக்குறைவாக ஓட்டினான் என்றுகூட அரசன் சொல்லவில்லை.

அமைச்சர் மேலும் வாதிடுகின்றனர். இத்தகைய நிகழ்ச்சிகள் முன்பும் உண்டு, அப்போதெல்லாம் கொல்வது மரபாக இருந்ததில்லை என்கின்றனர். முன்தீர்ப்பை எடுத்துக்காட்டும் வாதம் இது. அரசன் அதற்குச் சொல்லும் விடை வழக்கறிஞர் எவரும் வியக்கத்தக்கது: எந்த உலகில் எந்தப் பசு இவ்வாறு கதறி வந்து மணியை அடித்து வீழ்ந்தது? முன் நிகழ்ச்சிகளில் முறையிட்டவர் இல்லை. இங்கு முறையிட்டவர் உண்டு. எனவே முன்தீர்ப்பு பொருந்தாது.

இறுதியில் அரசன் தன் முடிவைக் கூறும் சொற்களே இக்கட்டுரையின் வாதத்திற்கு அடிப்படை. பசுவின் துயரத்தை அகற்றத் தன்னால் இயலாது. ஆகவே அது உற்ற பேரிடரைத் தானும் தாங்குவதே தருமம் என்கிறான். இது குற்றவாளிக்கு விதித்த தண்டனையின் மொழி அன்று. தாய்ப்பசு கன்றை இழந்ததுபோல் தந்தையாகிய தான் மகனை இழக்க வேண்டும் என்னும் ஒப்புமையின் மொழி. தண்டனை பெறுபவன் அரசன். மைந்தனின் உயிர் அத்தண்டனையின் கருவி. இவ்வாறு படித்தால், மைந்தனின் செயல் தன்விருப்பமானதா என்ற வினாவை அரசன் ஏன் எழுப்பவே இல்லை என்பது விளங்குகிறது. அவன் தீர்ப்புக்கு அந்த விடை தேவைப்படவில்லை. சேக்கிழார் இவ்விடத்தில் அரசனுக்குத் தரும் வினைச்சொல் ‘துணிந்தான்’ என்பது. எண்ணி, மாற்று வழிகளைக் கேட்டு, மறுத்து, துணிதல். கதையில் தன்விருப்பச் செயலுக்குரிய எல்லா இலக்கணமும் பொருந்தி வரும் ஒரே செயல், தந்தை மகன் மேல் தேரைச் செலுத்தியது.

இதனை ஏற்றால் மற்றொரு வினா தவிர்க்க இயலாததாகிறது. தன் துயரத்தைத் தான் தாங்க வேண்டும் என்ற அரசனின் அறம், பிறன் ஒருவனின் உயிரைச் செலவிடலாமா? அவையில் மைந்தனை எவரும் விசாரிக்கவில்லை. விபத்து நேர்ந்த கணத்தில் தேரினின்று இறங்கி வீழ்ந்து புலம்பியதற்குப் பின் அவன் பேச்சு கதையில் இல்லை. அரிஸ்டாட்டில் கேட்கும் வருத்தம் அவனிடம் நிரம்ப இருந்தது. அதை எடைபோட ஆளில்லை.

மனுநூலில் தேர் விபத்து

அரசன் பெயர் மனு. அவன் காக்க விரும்புவது மனுவின் நூல். ஆகவே அந்நூல் என்ன சொல்கிறது என்று பார்ப்பது முறையாகும். மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில் 290 முதல் 298 வரையுள்ள சுலோகங்கள் வண்டி விபத்துகளைப் பற்றியவை. மூக்கணாங்கயிறு அறுதல், நுகம் முறிதல், அச்சும் சக்கரமும் உடைதல், விலகிப் போ என்று ஓட்டுநர் கூவியிருத்தல் முதலிய பத்து நிலைகளில் தண்டம் இல்லை என்கிறது அப்பகுதி. ஓட்டுநரின் திறமைக் குறைவால் தீங்கு நேர்ந்தால் வண்டியின் உடைமையாளர் தண்டம் செலுத்த வேண்டும். ஓட்டுநர் திறமையுடையவராயின் தண்டம் அவருக்கே. மனிதன் இறந்தால் கள்வனுக்கு ஒத்த குற்றம். பசு, யானை, ஒட்டகம், குதிரை போன்ற பெரிய உயிர்களாயின் அதில் பாதி. பதினொன்றாம் அத்தியாயம், கருதாமல் செய்த பாவத்தையும் கருதிச் செய்த பாவத்தையும் பிரித்துப் பேசுவதோடு, பசுவைக் கொன்றவன் மூன்று மாதம் பசுக்கூட்டத்தோடு வாழ்ந்து செய்ய வேண்டிய நோன்பையும் விரிவாக வகுக்கிறது.

அதாவது, நூலின்படி நின்றவர்கள் அமைச்சர்கள். அரசன் நூலை மீறினான். எனினும் அவனுக்கும் அந்நூலில் ஓர் ஆதாரம் உண்டு. தந்தை, ஆசிரியன், நண்பன், தாய், மனைவி, மகன் எவராயினும் தன் கடமையில் நில்லாதவர் அரசனால் தண்டிக்கப்படாதவர் அல்லர் என்பது 8:335. எளியவனுக்கு ஒரு காசு தண்டம் விதிக்கப்படும் குற்றத்திற்கு அரசனுக்கு ஆயிரம் என்பது அதற்கடுத்த சுலோகம். விபத்தைப் பற்றிய விதியை விட்டுவிட்டு, உறவைப் பாராமையும் அரசனின் மிகுந்த பொறுப்பும் பற்றிய விதிகளைக் கதை பற்றிக்கொண்டது எனலாம். வருணத்திற்கு வருணம் தண்டனையை வேறுபடுத்தும் ஒரு நூலின் பெயரால் தமிழ்நாட்டில் எல்லா உயிர்க்கும் ஒரே முறை என்னும் கதை வளர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. மாவட்ட நிர்வாகம் மக்களிடம் மனுப் பெறும் நாளுக்கு இன்றும் ‘மனுநீதி நாள்’ என்று பெயர். அப்பெயரில் மக்கள் நினைப்பது மணியையும் பசுவையும்தான், ஸ்மிருதியை அன்று.

இன்றைய சட்டம் அமைச்சர் பக்கமே நிற்கும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 80ஆம் பிரிவில், உரிய கவனத்தோடு சட்டப்படியான செயலைச் செய்கையில் குற்றக் கருத்தின்றி நேரும் விபத்துக்கு விலக்கு அளித்தது. ஆனால் 39ஆம் பிரிவில் ‘தன்விருப்பமாக’ என்ற சொல்லுக்கு அது தந்த பொருள் அகன்றது: கருதியது மட்டுமன்றி, நேரக்கூடும் என்று அறிந்தோ நம்பக் காரணமிருந்தோ செய்ததும் அதில் அடங்கும். கவனக்குறைவால் மனித மரணம் விளைவித்தலுக்குரிய 304அ பிரிவு 1870இல் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இம்மூன்று கருத்துகளும் தொடர்கின்றன.

கட்டளையிடப்பட்டவன்

மைந்தன் மேல் தேரோட்டுமாறு அரசன் தன் அமைச்சருள் ஒருவனை ஏவுகிறான். அவன் அதைச் செய்யாமல் தன் உயிரைப் போக்கிக்கொள்கிறான். உரைகளில் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடும் இச்செய்தி அறவியல் நோக்கில் மிகுந்த கவனத்திற்குரியது. அச்சத்தாலோ கட்டளையாலோ செய்யப்படும் செயலை அரிஸ்டாட்டில் கலப்புச் செயல் என்பார். புயலில் சரக்கைக் கடலில் எறியும் மாலுமி அதனை விரும்பவில்லை. எனினும் எறியும் கை அவனுடையது. செயலின் தொடக்கம் அவனிடமே இருப்பதால் அது தன்விருப்பத்தையே பெரிதும் ஒத்தது. ஆணையை நிறைவேற்றினேன் என்று விலகிக்கொள்ள அமைச்சனுக்கு வழி இருந்தது. அவன் அவ்விலக்கை ஏற்கவில்லை. தேரைச் செலுத்தும் கை தன்னுடையதாகவே இருக்கும் என்பதை அறிந்தவன் அவன். திருவாரூர்க் கல்வெட்டு நினைவில் நிறுத்த விரும்பியது இம்மனிதனின் குடியை என்பது பொருளற்றதன்று.

வழக்குரை காதையில் கன்று

கண்ணகி பாண்டியன் அவையில் தன்னை அறிமுகப்படுத்துகையில் புகாரின் பெருமையாகக் கன்றுக் கதையைக் கூறுகிறாள். சோழரின் நீதியைப் பாண்டியனுக்கு எதிர் நிறுத்துவது என்ற அளவில் இதனை விளக்குவது வழக்கம். ஆனால் எதிர்நிலை இன்னும் நுட்பமானது. பாண்டியனும் அறியாமல் செய்தவனே. கோவலன் கள்வன் அல்லன் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் என்ற நிபந்தனையோடுதான் ஆணையிட்டான். ஆராய்ந்து, எவரிடத்தும் இரக்கத்தால் சாயாமல் நடுநின்று, தேர்ந்து செய்வதே முறை என்ற குறளின் இலக்கணத்தில் ஆராய்தல் முதலில் நிற்கிறது. பாண்டியன் அதைத்தான் விட்டான். அவன் அறியாமை தேடிக்கொண்ட அறியாமை. இளவரசனின் அறியாமையோ, கன்று துள்ளிப் புகுந்ததால் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

அதே குறளளவையைச் சோழன் மேலும் வைத்துப் பார்க்கலாம். மீண்டும் நிகழாதவாறு, குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுப்பவனே வேந்தன் என்கிறார் வள்ளுவர். கருதாமல் நேர்ந்ததை அச்சுறுத்தித் தடுக்க முடியாது. கவனத்தைப் பெருக்கலாம், அவ்வளவே. சோழனின் தீர்ப்பு வள்ளுவரின் அளவைக்கு உட்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பழமொழி நானூறு சொல்லும் வடிவம் இன்னும் கடுமையானது. அங்குச் சான்றோர் செய்தியை மறைத்துக் காக்கின்றனர், காலமும் கடந்துவிடுகிறது. ஆயினும் தந்தை மகன் மேல் தேரூர்ந்தான் என்று அந்நூல் போற்றுகிறது.

அநுராதபுரத்தில் இரு சக்கரங்கள்

5–6ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட மகாவம்சம், சோழ நாட்டினின்று வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளன் மேல் இக்கதையை ஏற்றிச் சொல்கிறது. இளவரசன் திஸ்ஸ வாவிக்குத் தேரில் செல்கையில், வழியில் தாயோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறுகிறது. கருதாமல் நேர்ந்தது என்று நூலாசிரியர் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். பசு மணியை இழுக்க, அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துணிக்கச் செய்கிறான் அரசன். பெரியபுராணத்தில் இறைவன் தோன்ற, கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்பெற்று எழுவர். மகாவம்சத்தில் எவரும் எழவில்லை. வினையைக் கருத்தால் அளக்கும் சமயத்தைச் சார்ந்த ஆசிரியர், கருத்தில்லாச் செயலுக்கு மரணம் விதித்த வேற்றுச் சமய அரசனைப் பழிக்காமல் நடுநிலைக்காகப் புகழ்வது வியப்புக்குரியது.

ஆனால் அதே அத்தியாயத்தில் மற்றொரு நிகழ்ச்சி தொடர்கிறது. அரசன் சேதிய மலைக்குச் சென்று திரும்புகையில் அவன் தேரின் நுகமுனை தூபி ஒன்றைச் சிதைத்துவிடுகிறது. இதுவும் கருதாமல் நேர்ந்தது. அமைச்சர் சுட்டிக்காட்டியதும் எல்லாளன் தேரினின்று இறங்கி வழியில் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு வேண்டுகிறான். மகனுக்கு விதித்ததைத் தனக்கும் விதித்துக்கொள்ளும் இச்செயலால், முதல் தீர்ப்பில் தன்னலம் இல்லை என்பது உறுதியாகிறது. பெரியபுராணத்து அரசனுக்கு இத்தகைய சோதனை நேரவில்லை.

இம்முறை அருகிலிருந்தவர்கள் அவனைத் தடுத்துவிடுகின்றனர். பிறருக்குத் தீங்கு செய்வதைத் தங்கள் ஆசான் ஏற்பதில்லை, தூபியைச் செப்பனிட்டு அமைதி தேடுக என்கின்றனர். இளவரசனுக்காக இந்த வாதத்தை எவரும் சொல்லவில்லை. கன்றைச் செப்பனிட முடியாது என்பது காரணமாகலாம். எல்லாளன் எழுந்தான். பெயர்ந்த கற்கள் 15. அவற்றைத் திரும்பப் பொருத்த அவன் செலவிட்டது 15,000 கஹாபணம் என்கிறது மகாவம்சம்.